புகையில் காய்ந்த கராம்பு

கேம்பஸ் முடித்து வேலை கிடைக்காமல் மாத்தளையில் சுற்றித் திரிந்த நானும் என் கூட்டாளியும், சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களுக்குப் பிளேன்டீயும் பணிஸும் கொடுக்க ஆரம்பித்தோம். பெரிய சமூக சேவை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தால் அம்மா கவர்மென்ட் வேலைப் பேச்சை எடுப்பாள். அதற்கு இது மேல்.

அங்கே ஒரு மாமா இருந்தார். எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மனைவி செத்ததும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறை மகன் குடும்பத்தின் கைக்குப் போனது. மருமகளோடு ஒத்துவரவில்லை. கம்பளியைச் சுருட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கிவிட்டார். மழை தொடங்கியதும் இருமல் பிடித்தது. படுக்கிற மூலையில் தண்ணீர் தேங்கினால் உட்கார்ந்தபடியே தூங்குவார். கூரை கிடைக்காவிட்டால் இந்த மழையோடு ஆள் முடிந்துவிடுவார் என்று எங்களுக்கே தெரிந்தது.

கூட்டாளியின் வாப்பாவுக்குப் பலசரக்கு ஸ்டோர் உண்டு. கராம்பு, மிளகு வாங்கிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்.

"வாப்பா, ஸ்டோர்ல ராவைக்கு ஆளில்லதானே. இவரப் போடுங்களேன்."

"ரோட்டுல போற எல்லாரையும் கூட்டி வாறதே ஒனக்கு வேலையாப் போச்சு. ஆள் குடிப்பாரா?"

"பிளேன்டீ குடிப்பாரு. சீனி கூட வேணும்."

சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மாமாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மொதலாளிக்கு நா என்ன வேல செஞ்சு குடுக்கணும் தம்பி?"

"ஒன்னும் வேணாம் மாமா. சும்மா படுங்க. கள்ளன் வந்தா கத்துங்க."

சும்மா படுக்கத் தெரியாத மனிதர். மழை விடவே இல்லை. ஸ்டோருக்குள் பரப்பியிருந்த கராம்பு ஈரம் ஏறி நமத்துப்போனது. லயத்தில் மழைக்காலத்தில் துணியோ விறகோ எதுவானாலும் அடுப்புக்கு மேலேதான் காயும். ஒரு ராத்திரி அவரும் அதையே செய்தார். பின்பக்கம் தேத்தண்ணி வைக்கிற அடுப்புக்கு மேல் கம்பு கட்டி, சாக்கு விரித்து, கராம்பைப் பரப்பி, தூங்காமல் விறகு தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்.

காலையில் நாங்கள் போனபோது ஸ்டோர் முழுக்கப் புகை நாற்றம். வாப்பா ஒரு பிடி கராம்பை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. கராம்பா, கருவாடா? இத எவன் வாங்குவான்?"

"அங்கிள், நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

"நாளைக்கு நல்லதுன்னு நெனச்சு ஸ்டோரயே பத்த வெச்சா? அல்லாட காவல், சாக்குல நெருப்புப் புடிக்கல்ல. எனக்கு ஏலாது மகன். கூட்டிப் போங்க."

கேம்பஸ் மேடையில் மைக்கைப் பிடுங்கிப் பேசியவன் நான். மாமாவின் கம்பளியை எடுத்துச் சுருட்டினேன். வாப்பா சொன்னதில் பிழையும் இல்லை. மாமா ஒரு வார்த்தை மறுக்காமல், "வாறேங்க மொதலாளி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் படுக்கிற மூலையில் வேறொருவர் படுத்திருந்தார். டிக்கட் கவுன்டர் பக்கம், சாரல் அடிக்கிற இடம்தான் மிச்சம். அங்கே உட்கார்ந்து இருமினார். கூட்டாளி தேத்தண்ணி வாங்கப் போனான்.

"தம்பி."

"சொல்லுங்க மாமா."

"கராம்பு காஞ்சிருந்துச்சில்ல?"

"நல்லா காஞ்சிருந்துச்சு மாமா."

தலையாட்டிவிட்டு, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.