மாவு அலமாரியில் எல்இடி

குன்னூர் வீட்டின் பல்புகளையெல்லாம் எல்இடிக்கு மாற்றிய வாரத்தில் நான் ஒரு தனிநபர் இயக்கமாகவே ஆகியிருந்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஹாலில் பழைய டிம்மர் சுவிட்சோடு புது பல்பு ஒத்துப்போகாமல் திருவிழா சீரியல் செட் போலத் துடித்தது. எல்இடிக்கென்றே உள்ள டிம்மரை வாங்கி மாட்டி, ஒரு மாலை முழுவதும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கிச் சூரியோதயம் நடத்தினேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய்ப் பிரசங்கம் செய்தேன்.

மனைவியின் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து அவளுடைய அண்ணன் வருகிறார். மலையில் போடும் இட்லியைத் தின்றால் பல்லு போயிரும் என்று போன தடவை சொன்னவர். இந்த முறை பூப்போல இட்லி வைத்து அவர் வாயை அடைப்பதாக அவள் சபதமே எடுத்திருந்தாள்.

எங்கள் குளிரில் மாவு தானாகப் புளிக்காது. சமையலறை அலமாரிக்குள் மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். தெருவில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அந்த பல்பையும் நான் விட்டுவைக்கவில்லை. சும்மா சூடாகிக்கொண்டிருந்ததே!

ஞாயிறு காலை அலமாரி திறந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க."

உள்ளே நிலா வெளிச்சம். நடுவில் ஒரு குமிழிகூட இல்லாமல், ஜில்லென்று, ஆட்டி வைத்த அளவிலேயே மாவு.

"வெளிச்சம் நல்லா இருக்குதல்ல?" என்றேன்.

"மாவு என்ன பரீட்சைக்குப் படிக்குதுங்களா?"

பழைய பல்புகளையோ குப்பை வண்டியில் என் கையாலேயே வழியனுப்பியிருந்தேன். புளித்த மாவு கடன் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "நீங்க சொன்னீங்கன்னுதான் நாங்களும் மாத்துனோமுங்க. எங்க ஊட்லயும் இன்னிக்கு உப்புமாதான்" என்றார் அந்த அம்மா, மரியாதை குறையாமல்.

நல்லவேளை, மலையடிவாரத்தில் வண்டிகள் நகரவில்லை, மதியமாகிவிடும் என்று அண்ணனிடமிருந்து போன் வந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது நான் கம்பளிக்குள் வெந்நீர்ப் பைகளோடு மாவுப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தேன்.

"என்னங்க மாப்ள, காய்ச்சலா?"

"குளிருதுங்க மச்சான்."

"வயிறு ஏன் இத்தன பெருசா இருக்குது?"

"அண்ணா, அவரைச் சிரிக்க வெக்காதீங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அலுங்கக் கூடாது!"

அந்த நேரம் பார்த்து என் சட்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்துகொண்டிருந்தது.

"எழும்பிருச்சு!" என்று கத்தினேன். கையில் கரண்டியோடு மனைவி ஓடிவந்தாள். மச்சான் இரண்டடி பின்வாங்கினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இட்லி. மச்சான் முதல் இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது. தட்டிலிருந்த மற்ற இட்லிகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டை நீட்டினார். மனைவி இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னாத்தான் வெப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார், சட்னியைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது புள்ள. வெய்யி."