ஏரியின் அடியில் குளிர்

கஹவத்தை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒடிசலான உடம்பு. விரல்களில் காய்ந்திருந்த பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டே வந்தார்.

என் போனில் ஒரு வீடியோ ஓடியது. எங்கோ வெளிநாட்டில், கடல்போல விரிந்த நன்னீர் ஏரியில் நூறு வருடங்களுக்கு முன் மூழ்கிய கப்பல். பாய்மரம்கூட நிமிர்ந்தே நின்றது. அவரும் எட்டிப் பார்த்தார்.

"இத்தன வருசமாகியும் உக்கிப் போகலீங்களா சார்?"

"உப்பில்லாத தண்ணிங்க. அடியில கடும் குளிர். அப்படியே இருக்கும்," என்றேன், தெரிந்ததைச் சொல்லும் பெருமையில்.

உரித்துக்கொண்டிருந்த விரல் நின்றது.

"நம்ம டேம் தண்ணியும் உப்பில்லதானுங்களே. அடியில குளிருமா?"

"குளிரும்."



"மகன் போன தோணி அங்கதாங்க கவுந்துச்சு. மத்தவங்க கரையேறிட்டாங்க. அவன மட்டும் இன்னும் கெடைக்கல. நாளைக்குத் தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சு, காரியத்த முடிச்சிருவோம்னு ஐயரு சொல்றாரு."

நான் வீடியோவை நிறுத்தினேன். அதற்குள் அவர் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார்.

"காரியம் வேணாம்னு ஐயருகிட்ட சொல்லிரு. படிச்சவரு ஒருத்தரு சொல்றாரு, புள்ள அப்படியேதான் இருப்பானாம்."

எங்கள் பக்கத்துத் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிராது. அதைச் சொல்ல நேரமும் இருந்தது. அவர் இறங்க இன்னும் நான்கு பஸ் ஹோல்ட் இருந்தன.

இறங்கும்போது என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.