இண்டூர் வீட்டில் தங்கிவிட்டவள்

ஆள் இல்லாமல் கிடக்கும் வீட்டை விற்பது கடினம். தருமபுரியில் வீட்டுத் தரகு பார்க்கும் குப்புராஜ் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். பத்திரம் சுத்தமாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், விலையும் ஒத்துவரும். பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வரும். வௌவால் வாடையும் பழந்துணி வாடையும் கலந்த அது பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கே உரியது. பார்க்க வந்தவர்கள் அதை மோந்ததும், அப்புறம் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சோபனா.

சோபனாவின் கணவன் மாதேஷ் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். அண்ணன் வீட்டில் அண்டியிருக்கப் பிடிக்காமல், தையல் மெஷினோடு தங்க ஓர் அறை கேட்டு அவள் குப்புராஜிடம் வந்தாள். அவர் வாடகையே வேண்டாம் என்றார். விற்கிற வீட்டில் விற்கிற வரைக்கும் குடியிருக்க வேண்டும். விலை பேசி வீடு முடிந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வேலையில் அவள் கைதேர்ந்துவிட்டாள். அவள் குடிபுகுந்த இரண்டொரு நாளில் வாடை போய்விடும். ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் அடுப்பில் கொத்தமல்லிக் காப்பி கொதிக்கும், கொடியில் துணி காயும், பின்கதவு திறந்திருக்கும். எல்லோரையும் ஒரே மாதிரிதான் அழைப்பாள்: "வாங்க, உள்ள வந்து பாருங்க. நல்ல காத்தோட்டமான வூடுங்க." பொய் சொல்ல மாட்டாள். மழை விட்ட மறுநாள் வந்து சுவர் மூலைகளைத் தடவிப் பாருங்கள் என்பாள். வாசல் வழி யாருடையது என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கவும், பத்திரத்தில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று கவனிக்கவும் வாங்க வந்தவர்களுக்கே சொல்லிக்கொடுப்பாள். குப்புராஜ் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

குடியேறும் வீட்டில் பால் காய்ச்சாமல் படுக்கக் கூடாது என்பது அவள் அம்மாவின் கண்டிப்பு. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சொம்பு பால் காய்ச்சுவாள். மற்ற வீடுகளில் அதோடு சரி. இண்டூர் வீட்டில் மட்டும் அதோடு நிற்கவில்லை. கிணற்றடியில் ஒரு கொய்யா மரம், சமையலறைக்குள் விழுகிற காலை வெயில், இதையெல்லாம் பார்த்ததில் மனசு பறிபோய், பால் பொங்கி வரும்போது கைகூப்பிவிட்டாள்.

"ஆத்தா, என்னைய இந்த வூட்லயே வெச்சுக்க."

அந்த வீட்டில் அவள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். பிறகு ஆரோக்கியராஜ், வெண்மதி என்ற தம்பதி வாங்கினார்கள். சோபனா சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

தையலில் சேர்த்ததை வைத்து, சென்ற தை மாதம் பொம்மிடியில் அவளும் ஒரு வீடு வாங்கினாள். ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இரண்டே அறை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினாள். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எதிலும் குறையில்லை. பால் காய்ச்சினாள். பால் பொங்கவில்லை. அடுப்பில் கிடந்து சுண்டிச் சுண்டி அடிப்பிடித்தது.

வாடையும் போகவில்லை. சாம்பிராணி போட்டாள், சுண்ணாம்பு அடித்தாள், நாள் முழுக்க அடுப்பை எரித்தாள். ஊரார் வீட்டிலெல்லாம் விரட்டியவளுக்குத் தன் வீட்டில் முடியவில்லை. கரண்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் அவள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே கதவு பூட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். எதிர்வீட்டுத் தீர்த்தம்மாள் ஒரு நாள் மதியம் வாசலில் நின்று, "வூட்ல ஆருமில்லீங்களா?" என்று கூப்பிட்டாள். சோபனா எதிரிலேயே மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் தீர்த்தம்மாள் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று சோபனாவுக்குப் பயம் வந்தது. ஆயுசுக்கும் ஒரு வீடு என்று வாங்கியது இது. இதில் தான் இல்லையென்றால் வேறு எங்கே இருப்பது?

அந்த வாரமே, இண்டூர் வீட்டை வாங்கிய வெண்மதி தேடிக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் குடித்து முடித்தவள் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இன்னும் எங்க வூட்லதான் இருக்கீங்க."

முதலில் கொத்தமல்லிக் காப்பி வாசம் வந்ததாம். பிறகு விடியலில் வாசல் பெருக்குகிற சத்தம். கழுவாமல் போட்டுவிட்டுப் படுத்த பாத்திரம் காலையில் கழுவிக் கவிழ்த்திருக்குமாம். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போன பிறகும் அப்படியே.

"சம்பளமில்லாத வேலைக்காரின்னு நெனச்சுக்கோ, அப்டீங்கறாரு எங்க வூட்டுக்காரரு" என்று வெண்மதி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "முந்தாநேத்து சமையக்கட்டுக்குப் போனேன். 'எல்லாம் பாத்துட்டீங்களாங்க?'ன்னு ஒரு கொரலு. உங்க கொரலுதாங்க்கா. பாத்தாச்சுன்னா கெளம்புங்க, அப்டீங்கற மாதிரி."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள்.

சோபனாவுக்கு விளங்கிவிட்டது. தான் வேண்டிக்கொண்டதைத்தான் அந்த வீடு செய்திருக்கிறது. யார் விற்றார்கள், யார் அடமானம் வைத்தார்கள் என்பதெல்லாம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். யார் பால் காய்ச்சி என்ன வேண்டிக்கொண்டார்கள் என்பது வராது.

மறுநாள் பகலில், ஆரோக்கியராஜ் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குப்புராஜையும் சேர்த்து மூன்று பேரும் இண்டூர் வீட்டு வாசலில் நின்றார்கள். குப்புராஜ் வரமாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தார். விழுந்து பயந்த பிள்ளைக்குப் பயம் தெளிய, விழுந்த இடத்துக்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, சோபனா தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டாள்.

"சோபனா, வா. நம்ம வூட்டுக்குப் போலாம்."

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வாங்க, உள்ள வந்து பாருங்க. நல்ல காத்தோட்டமான வூடுங்க."

வெண்மதி சோபனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குப்புராஜ் தெருவைப் பார்த்துத் திரும்பிவிட்டார். சோபனா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தான் எந்தச் சொல்லைக் கேட்டுக் கிளம்பினோம் என்பது அவளுக்கு நினைவு வந்திருந்தது.

"ண்ணா, எப்பவும் எங்கிட்ட சொல்லுவீங்கல்ல, அதச் சொல்லுங்க."

 அவர் கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"வூடு முடிஞ்சுதும்மா. சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

உள்ளே பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. பெட்டி மூடுகிற சத்தம். பிறகு நடந்து வருகிற சத்தம், நிதானமாக, வாசல் வரைக்கும். கதவு திறக்கவில்லை. அவர்களைத் தாண்டி கொத்தமல்லிக் காப்பி வாசம் போயிற்று. வெளிக் கேட்டின் கொண்டி தானாக உயர்ந்து விழுந்தது.

நிலைப்படியில் ஒரு சாவி கிடந்தது. குடிவந்ததுமே பழைய பூட்டை மாற்றி, சாவியோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டதாக வெண்மதி சொன்னாள். அந்தச் சாவிதான் இது. குப்புராஜ் அதைத் தொடவில்லை.

சோபனா பஸ் மாறிப் பொம்மிடியில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். அவள் தெருவுக்குள் நுழைந்ததும் தீர்த்தம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம் புள்ள, இப்பத்தான உள்ள போன? அதுக்குள்ள எங்கிருந்து வர?"

சோபனா தன் வீட்டைப் பார்த்தாள். பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது. மாடத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. வாடை போன இடம் தெரியவில்லை. கொதிக்கிற காப்பியின் வாசம் தெரு வரைக்கும் வந்தது. ஆள் புழங்குகிற வீடாக அது முதன்முதலாகத் தெரிந்தது.

படியில் கால் வைத்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் அழைத்தது.

"வாங்க, உள்ள வந்து பாருங்க. நல்ல காத்தோட்டமான வூடுங்க."

பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பிறகு, வீடு பார்க்க வருகிறவர்களைப் போல, செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனாள்.