ஒரு தடவைதான் கூப்பிடுவாள்

என் அக்கா யாரையும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டாள். போனில் கூப்பிட்டாலும் சரி, சமையலறையிலிருந்து கத்திக் கூப்பிட்டாலும் சரி, ஒரே ஒரு தடவைதான். எடுத்தால் பேசுவாள். எடுக்காவிட்டால் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இது சுத்தத் திமிர் என்று எங்கள் வீட்டில் ஒருமனதாக முடிவாகிப் பல வருடம் ஆகிறது. அவளோடு பழக ஆசைப்பட்ட ஒரு மனிதர் இதனாலேயே கைநழுவிப் போனார். இவள் கூப்பிட்ட நேரத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் காது. வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆற்றின் மேற்பக்கம் அணை. அணையின் மேல், ஷட்டர் மோட்டார்களுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர். நகரத்துத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கிருக்கும் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். நீர்மட்டம் என்ன என்று கேட்டால் இது அளந்து சொல்லும். ஷட்டரை ஒரு படி உயர்த்து என்றால் மோட்டாரை ஓட்டி உயர்த்திவிட்டு, ஆயிற்று என்று பதில் அனுப்பும். கூப்பிடுகிற பக்கத்தை நகரத்தில் வேறு யாரோ எழுதினார்கள். காத்திருந்து, கேட்டு, செய்து, பதில் சொல்கிற பக்கம், சர்வர் என்கிறார்களே, அது முழுக்க அக்கா எழுதியது. வேலையிடத்தில் யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள், வீட்டில் நாங்கள் பேசுவதைக் காதிலேயே வாங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

நான் வெல்டர். படிப்பு அவளுக்கு, நெருப்பு எனக்கு என்று அம்மா பங்கு பிரித்துவிட்டாள். ஒரு தடவை நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"எடுக்கலன்னா திரும்ப கூப்பிடறதுல உனக்கு என்னக்கா குறைஞ்சுபோகுது?"

"பதில் வரலன்னா, நான் சொன்னது உனக்குக் கேக்கலன்னு அர்த்தமாடா?"

"பின்ன?"

"நான் இங்கேருந்து உப்பு போடுன்னு கத்துறேன். நீ போட்டுட்டு, போட்டாச்சுன்னு சொல்ற. அந்தச் சத்தம் எனக்கு எட்டல. நான் திரும்பக் கத்துறேன். நீ திரும்பப் போடுற. அதைச் சாப்பிடப்போறது யாரு?"

"மணி என்னன்னு கேட்டா?"

"அதை நூறு தடவை கேளு. ஒண்ணும் கெட்டுப்போகாது. எதைத் திரும்பக் கேக்கலாம், எதைக் கேக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். என் வேலையே அதுதான்டா."

இதை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். விஷயம் தெரியாததால் வந்ததில்லை, தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர்கள் தொழிலில், சர்வர் செய்து தரும் ஒவ்வொரு வேலைக்கும் மேலே ஒரு குறி போடுவார்களாம். பதில் வராவிட்டால் இதைத் திரும்பக் கேட்டாலும் பரவாயில்லை என்பது ஒரு குறி. அது இருந்தால், பதில் வராதபோது கூப்பிடுகிற இயந்திரம் யாரையும் கேட்காமல் தானாகவே மறுபடி கூப்பிடும். நீர்மட்டம் சொல்லும் வேலையை அக்கா முதலில் எழுதினாள். அதற்கு அந்தக் குறியைப் போட்டாள். சரிதான். அடுத்து ஷட்டர் வேலை. முதலாவதை அப்படியே நகலெடுத்துப் பெயரை மாற்றினாள், உள்ளே இருந்ததை மாற்றினாள். மேலே இருந்த குறியை எடுக்க மறந்துவிட்டாள். ஒரே ஒரு வரி.

அந்த வரி சில வருடம் சத்தம் போடாமல் கிடந்தது. அணைக்கும் நகரத்துக்கும் இடையே போன கம்பிவழி நன்றாக இருந்தது, போன பதில்கள் போய்ச் சேர்ந்தன.

முதல் அறிகுறி கோடையில் வந்தது. ஆறு வறண்டு கிடந்தபோது ஷட்டரைச் சோதித்தார்கள். தலைமை அலுவலகம் ஒரு படி கேட்டது. ஷட்டர் இரண்டு படி ஏறி நின்றது. அளவுகோல் துருப்பிடித்துப்போச்சு என்றார் அக்காவின் மேலதிகாரி. கூப்பிடுகிற பக்கத்தில்தான் கோளாறு என்றாள் அக்கா. அந்தப் பக்கத்துக்காரர்கள் இவள் பக்கத்தைக் கைகாட்டினார்கள். எதற்கும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்று அக்கா அனுமதி கேட்டபோது, ஓடிக்கொண்டிருப்பதில் கைவைக்காதே என்று அந்த மேலதிகாரி சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்கு அக்கா சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டால், ஒண்ணுமில்லடா, மோட்டார் சத்தம் காதுலயே நிக்குது என்றாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் எங்களுக்கு அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றுப் பாலத்தில் வேலை கிடைத்தது. நடுத்தூணின் அடியில் கம்பி அரித்துப்போயிருந்தது. அதைச் சுற்றி ஆற்றுப்படுகையில் ஆழமாகக் குழி தோண்டி, ஏணி வைத்து இறங்கி, புதுக் கம்பிக்கூடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். என்னோடு கூட்டு கொக்கு. அவன் உயரத்துக்கு அந்தப் பெயர். பல்பு மாட்ட ஸ்டூல் தேடாத ஒரே ஆள். சட்டையையும் போனையும் கரையில் இருந்த சாமான் கொட்டகையின் ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவோம், பொறி பட்டால் போன் போய்விடும் என்று.

கொக்கின் மனைவி என் அக்காவுக்கு நேர் எதிர். அவன் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பாள். ஆணியில் அவன் சட்டைதான் எப்போதும் பாடிக்கொண்டிருக்கும்.

"உங்க அக்காவையும் என் பொண்டாட்டியையும் கலந்து ரெண்டாப் பிரிச்சா, ரெண்டு நல்ல மனுஷிங்க கிடைப்பாங்க மச்சான்" என்பான்.

அன்று மேலே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில். காலையில் அக்கா போன் செய்தாள், நான் எடுத்தேன்.

"மத்தியானம் ஒரு படி திறக்கப்போறாங்க. தண்ணி அந்தக் கரை ஓரமாப் போயிடும், உங்க குழிக்கு வராது. இருந்தாலும் பாத்து இருங்கடா."

ஒரு படி என்றால் கணுக்கால் தண்ணீர் என்பது எங்களுக்கும் தெரியும். வேலையைத் தொடர்ந்தோம். மத்தியானம் எதிர்க்கரை ஓரமாக ஒரு பழுப்புக் கோடு இறங்கி வந்தது. கொக்கு அதைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு மறுபடி குழியில் குனிந்தான். கொஞ்ச நேரத்தில் கவனித்தேன், மணலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பறவைகள் ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேலி செய்வான் என்று சொல்லவில்லை.

அதே நேரம் அணையில் நடந்ததை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள். மழையில் கம்பிவழி எங்கோ பழுதாகி, அழைப்பு வந்து சேர்ந்தது, பதில் திரும்பிப் போகவில்லை. நகரத்தில் பொத்தானை ஒரு தடவைதான் அழுத்தினார்கள். பதில் வராததால் இயந்திரம் தானே மறுபடி கூப்பிட்டது. ஷட்டர் இன்னொரு படி ஏறியது. மறுபடி கூப்பிட்டது. அக்கா பக்கத்து அறையில் இருந்தாள். மோட்டார் ஓடி, நின்று, ஓடி, நின்று, மறுபடி ஓடுவதைக் கேட்டவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வரி எங்கே இருக்கிறது என்பதுகூட எழுந்து ஓடும்போதே தெரிந்துவிட்டதாம்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, அழைப்புகளுக்குக் காதுகொடுப்பதை நிறுத்து என்று கட்டளை கொடுத்தாள். அவள் எழுதிய புரோகிராம் மரியாதை தெரிந்தது. புது அழைப்பு வாங்க மாட்டேன், ஏற்கெனவே வாங்கி வைத்ததை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்றது. வந்தவர்களைப் பாதியில் துரத்தக்கூடாது என்று பெருமையாக அவளே செய்துவைத்த ஏற்பாடு அது. வரிசையில் நின்றிருந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக நடந்தன. அவள் கண் முன்னால் ஷட்டர் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் வெளியே ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாள். மோட்டார் நின்றது. ஷட்டர் ஏறிய இடத்திலேயே நின்றது. கரண்ட் இல்லாமல் அதைக் கீழே இறக்கக் கையால்தான் சுற்ற வேண்டும். ஷட்டர் காவலாளி சுற்றத் தொடங்கினார். கரையோர எச்சரிக்கைச் சங்கு தலைமை அலுவலகத்தின் கையில் இருந்தது. ஆயிற்று என்ற பதிலே வராததால், ஷட்டர் அசையவே இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் போனில் பிடிக்கப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

ஆணியில் என் போன் அடித்தது குழிக்குள் லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி அடித்தது.

"என் பொண்டாட்டிதான். எனக்குக் கூப்பிட்டு அலுத்துப்போய் உனக்கு ஆரம்பிச்சுட்டா" என்றான் கொக்கு.

நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை அடித்தது. எரிச்சலோடு ஏணியில் ஏறி, மணலைக் கடந்து, கொட்டகைக்குப் போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். அக்கா என்று இருந்தது. என் வாழ்நாளில் அவள் இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.

"மேல வாங்கடா! ரெண்டு பேரும் மேல வாங்க! தண்ணி வருது!"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி ஓடினேன். "கொக்கு! ஏறுடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஏறு!"

"இந்த ஒரு ஒட்டு மச்சான், முடிஞ்சுடுச்சு!"

முகமூடிக்குள்ளிருந்து அவன் குரல் சாவகாசமாக வந்தது. நான் கத்தினேன். அதற்குள் என் காலடி மணல் நனைந்துவிட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. பழுப்புத் தண்ணீர் படுகை முழுக்க அகலமாக வந்து குழிக்குள் சரிந்தது. ஏணி மிதந்தது. அவன் கை ஒரு தடவை தெரிந்தது. நான் இறங்கினேன், என்னைத் தண்ணீர் கரையிலேயே தூக்கிப் போட்டது. அவ்வளவு உயரமானவன், அவனுக்கு ஒரு குழி போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் கீழே நாணல் பக்கம் அவனைக் கண்டெடுத்தார்கள். துணி போட்டு மூடினார்கள். அக்கா அணையிலிருந்து நேராக வந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன, காவலாளியோடு சேர்ந்து அவளும் சுற்றியிருக்கிறாள். என்னைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. "என் தப்புடா. ஒரு வரி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

அப்போது கொட்டகை ஆணியில் கொக்கின் சட்டை பாட ஆரம்பித்தது. யாரும் அசையவில்லை. நின்றது. மறுபடி பாடியது. எங்கள் பாலத்து வேலை மேஸ்திரி தலையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி. அக்கா போய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"எடுக்காதக்கா" என்றேன். "போலீஸ் போய்ச் சொல்லட்டும்."

"பதில் போகணும்டா. பதில் போகாததுதான் இவ்வளவுக்கும் காரணம்."

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? எத்தனை தடவைதான் கூப்பிடறது?"

அக்கா தான் யார் என்று சொன்னாள். அணையில் ஷட்டர் புரோகிராம் எழுதியவள் என்று சொன்னாள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது ஏறவில்லை. என்ன, என்ன சொல்றீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.