டூயி திருடிக்கொண்டு போன கட்டை

சிரில் ஹுடாக் வீட்டு நிலவறைச் சுவரில் பதினான்கு துப்பாக்கிகள் தொங்கின. எல்லாம் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சாமான்கள். ஒரு குண்டு வெடித்ததும் அடுத்தது தானாகவே ஏறிக்கொள்ளும் ரகத்தில் முதன்முதலாக வந்தவை. எங்கள் பென்சில்வேனியாவில் இவற்றை வைத்து ஒரு மானைக்கூடச் சுட முடியாது, சட்டம் விடாது. அப்புறம் எதற்கய்யா இந்தக் கூத்து என்று கேட்டால் சிரிலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"எண்ணு பொருந்தியிருக்கா பாரு. அதப் பேசு."

சேகரிப்புக்காரர்களுக்கு எண்தான் உயிர். குழலும் விசையுமான இரும்பிலும், தோளில் அண்டக்கொடுக்கும் மரக்கட்டையிலும் ஒரே எண் இருந்தால் அசல், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சரக்கு. சிரிலிடம் எண் பொருந்தாத துப்பாக்கி ஒன்றே ஒன்று. அது அவன் அப்பா மார்ட்டின் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. இரும்பில் 5127, கட்டையில் வேறு என்னவோ.

அந்தக் கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம். சண்டை முடிந்து கப்பலேறும்போது துப்பாக்கி முழுசாகப் பைக்குள் நுழையவில்லை. இரும்பை மார்ட்டின் வைத்துக்கொண்டார். கட்டையை இரண்டாக அறுத்து, கூட்டாளி டூயி ராட்லிஃப் தன் பையில் திணித்துக்கொண்டான். வீட்டுக்கே வந்து தருகிறேன் என்று மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனவன்தான், ஆள் வரவே இல்லை. "திருட்டுப்பய, அடிபட்டுக் கெடந்தவன நான் தோள்ல சுமந்தேன்" என்று மார்ட்டின் முப்பது வருஷம் புலம்பினார்.

அந்தப் புலம்பலைக் கேட்கச் சகிக்காமல்தான் சிரில் இதில் இறங்கினான். ரயில் பட்டறையில் கடைசல் வேலை, லீவு நாளெல்லாம் சந்தை சந்தையாக அலைச்சல். 1975-இல் அதே ரகக் கட்டை ஒன்றைப் பிடித்துவிட்டான். அதை இரும்பில் மாட்டி, கிறிஸ்துமஸ் அன்று அப்பா கையில் கொடுத்தான். மார்ட்டின் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில், கொட்டகையில் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்து மார்ட்டின் போய்விட்டார் என்றார்கள். முதலில் ஓடிப் பார்த்தது அம்மா வெரோனா. அவள்தான் விபத்து என்று சொன்னாள். அன்றிலிருந்து, அந்தத் துப்பாக்கி தொங்கும் நிலவறைப் படியில் அவள் கால் வைத்ததே இல்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் மேலே நின்று கத்துவாள்.

அசல் கட்டையைச் சேர்த்துவிட்டால் அப்பாவின் ஆத்மா ஆறிவிடும் என்று சிரில் நம்பினான். பாவி மனுஷன், இருபத்தெட்டு வருஷம் அதே நினைப்பு.

2004 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை. சிரிலின் மேசைக்கு ஒரு பெண் துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, கைக்குழந்தையா?" என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டலடித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஹுடாக் நீங்கதானே சார்? நான் லோரீன். டூயி ராட்லிஃப் மக. அப்பா போன மாசம் தவறிட்டாரு. இத உங்ககிட்ட சேக்கச் சொன்னாரு."

துண்டுக்குள் அறுபட்ட இரண்டு மரத்துண்டுகள். சிரில் திருப்பிப் பார்த்தான். 5127. அடுத்த நொடி வாய் வெடித்தது.

"அம்பத்தொம்பது வருஷம் அமுக்கி வச்சுட்டு இப்பக் கொண்டாறீங்களா? எங்கப்பா இதுக்காக ஏங்கியே செத்தாரு. வெக்கமா இல்ல?"

"திட்டுவாங்க, எதிர்த்துப் பேசாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாரு" என்றாள் லோரீன், கண் கலங்கி. "ஆனா அவரு வந்தாரு சார். நாப்பத்தாறுலயே பஸ் ஏறி உங்க வாசலுக்கு வந்தாரு. ஏன் திரும்பிப் போனாருன்னு உங்கம்மாவக் கேளுங்க."

சிரில் மேசையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். எண்பத்து நான்கு வயது வெரோனா அடுக்களையில் பியெரோகிக்கு மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கு வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கட்டையை அவள் முன்னால் வைத்தான். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நான்தான்டா திருப்பி அனுப்பினேன்."

"ஏம்மா?"

"சண்டைலேர்ந்து வந்த ஆளு தூங்கவே மாட்டாரு. அந்த இரும்ப மடில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அது இரும்பாவே இருக்கட்டும், துப்பாக்கியாயிடக் கூடாதுன்னு இருந்தேன். அந்தத் தம்பி கட்டையோட வந்து நின்னான். 'உன்னத் திருடன்னுதான் சொல்வாரு, சொல்லிட்டுப் போகட்டும், குடுத்துடாதே'ன்னு கெஞ்சினேன். வாசப்படில உக்காந்து அழுதான். 'சரிக்கா'ன்னுட்டுப் போயிட்டான்." கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு. "உங்கப்பா அவனத் திட்டுறப்பெல்லாம் எனக்கு நிம்மதிதான். திட்டுற வரைக்கும் உசுரோட இருப்பாருன்னு."

சிரில் மனசுக்குள் கணக்குப் போட்டான். கிறிஸ்துமஸ். பிப்ரவரி. "அம்மா, அப்ப நான் மாட்டிக் குடுத்தது..."

"வாய மூடு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஆசையாக் குடுத்தே. அவரும் அன்னிக்குச் சிரிச்சாரு. முப்பது வருஷத்துல மனசு ஆறியிருக்கும்னு நானும் விட்டுட்டேன். தப்பு என்னுது, விபத்துன்னு பொய் சொன்னதும் நான்தான்."

சிரில் கையை விடுவித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப் போனான்.

பியெரோகி வெந்ததும் வெரோனா மேலேயிருந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கீழே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படிகளில் இறங்கினாள்.

சிரில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மாட்டிக் கொடுத்த கட்டை ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், கையில் திருப்புளி.

"ஏன்டா பதில் சொல்லல?" என்றாள் மூச்சு வாங்க.

"கழட்டிட்டேம்மா" என்று சிறு பிள்ளையைப் போல அழுதான்.