கேட்டேன், சொல்றேன்

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் பில் போடும் பிரிட்டோவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பாட்டு காதில் விழுந்துவிட்டால் அதைப் பற்றி நாலு பேரிடம் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வியாதி சின்ன வயசிலேயே தொற்றியது. அப்பா செபாஸ்தியான் கரும்பு வெட்டப் போனவர். வீட்டில் ஒரு ரேடியோ கூடக் கிடையாது. பத்தாவது முடித்த கையோடு பிரிட்டோ பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கேட்கிற பாட்டைப் பதிந்து கொடுக்கும் கடை. காலையில் சுப்ரபாதம், மத்தியானம் கவாலி, சாயங்காலம் சினிமாப் பாட்டு, நடுவில் யாரோ பாண்டிச்சேரியில் இருந்து கொண்டுவந்து கொடுத்த இங்கிலீஷ் பேண்டு. எல்லாம் ஒரே காதில் போய் விழுந்தது. கடையை மூடிய பிறகும் காது மட்டும் மூடவில்லை.

இப்போது வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவான். ஏதாவது ஓர் ஆல்பம் கேட்பான். கேட்டு முடித்ததும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, வாட்ஸ்அப் குழுவுக்கு வாய்ஸ் நோட் போடுவான். ஒவ்வொன்றும் "கேட்டேன், சொல்றேன்" என்றுதான் தொடங்கும்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசுவான். நார்வேக்காரர்களின் மெட்டல் ஆல்பம் ஒன்றைப் பற்றி, "கல்லு ஒடைக்கிற மிஷினு மாரி இருக்குதுன்னு ஓடிப்புடாதீங்க. நாலாவது பாட்டுல எல்லாரும் நிறுத்திட்டு ஒரே ஒரு கிட்டாரு மட்டும் வருது பாருங்க, அதுக்குத்தான் அம்மாஞ் சத்தமும்" என்றான். கச்சேரி ஆல்பம் ஒன்றுக்கு, "அந்தம்மா பெரிய ராகத்த எல்லாம் தூக்கத்துல பாடிட்டு, கடைசி துக்கடாவுலதான் முழிச்சிக்கிறாங்க" என்றான். சினிமா ஆல்பம் என்றால், "மொத ரெண்டு பாட்டுக்கு ஒழைப்பு ஜாஸ்தி, மீதி மூணுக்குக் கம்மி" என்று ஒரே போடு. கானாக்காரர்களை ஸ்டூடியோவில் அடைத்தது பெரிய பாவம் என்பது அவன் கட்சி. சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் அவன் குரலுக்கு ஆட்கள் இருந்தார்கள். முகம் யாருக்கும் தெரியாது. அதிலும் அவனுக்கு ஒரு கர்வம்.

அவன் மனைவி பவுலின் வடக்கனந்தலில் பால்வாடி டீச்சர். மகள் மெர்லின் சேலத்தில் ஹாஸ்டலில் இருப்பதால் வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான். கல்யாணமான புதிதில் பவுலின் அம்மா வீட்டிலிருந்து மாதா பாட்டு சி.டி. ஒன்று கொண்டுவந்தாள். சமைக்கும்போது போட்டாள். பிரிட்டோ பக்கத்தில் போய் நின்று, கோரஸ் எங்கே பிசகுகிறது, கீபோர்டு எப்படி அரைத்த மாவையே அரைக்கிறது என்று மூன்று பாட்டுக்கும் பாடம் நடத்தினான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நாலாவது பாட்டு வருவதற்குள் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு இருபது வருஷமாக அந்த வீட்டில் அவள் எதையும் போட்டதில்லை. பிரிட்டோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இவளுக்குப் பாட்டு என்றால் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டான்.

இந்த ஆனி மாதத்தில்தான் அவனுக்கு ஓர் உறுத்தல் ஆரம்பித்தது. சாயங்காலம் பால்வாடி விட்ட பிறகு வடக்கனந்தலிலிருந்து வரும் முதல் மினி பஸ் உரக்கடை வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். தினமும் நேரத்துக்குப் போனது. பவுலின் மட்டும் அதில் வருவதில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தாள். கேட்டால், "மொத பஸ்ஸுல கூட்டங்க" என்றாள். கூட்டம் இல்லை, ஜன்னலோரம் காலியாகக் கிடந்ததை அவனே கண்ணால் பார்த்திருந்தான். ஒருநாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். ஒரு மாதமாக இதே கதை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவன் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது.

ஒரு வியாழக்கிழமை முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கனந்தலுக்கே போய்விட்டான். டீக்கடை மறைவில் வண்டியை நிறுத்திவிட்டுத் திருடன் போல நின்றான். பவுலின் வந்தாள். கூட தைலம்மாள், கள்ளக்குறிச்சியிலிருந்து களையெடுக்க வந்து போகும் அம்மாள். முதல் பஸ் வந்தது. தைலம்மாளும் ஏறவில்லை, பவுலினும் ஏறவில்லை. ரெண்டு பேரும் புளியமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசியபடி காத்திருந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. இரண்டாவது பஸ் வந்ததும் பவுலின் பாவாடை கட்டிய பிள்ளை மாதிரி குடுகுடுவென்று ஓடி முன்வாசலில் ஏறினாள். பிரிட்டோ என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பின்வாசலில் ஏறிக்கொண்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

பவுலின் ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். டிரைவர் பச்சமுத்து கண்ணாடியில் பார்த்து, "டீச்சர் வந்துட்டாங்க. தமிழு, அவங்க பாட்ட எடுத்து வையி" என்றார்.

கண்டக்டர் தமிழழகன் போனைத் தேய்த்துக்கொண்டே, "இருங்கண்ணே. டீச்சர், ஒங்களுக்குப் புடிச்ச ஆல்பத்த ஒரு ஆளு கிழிச்சித் தொங்க விட்டிருக்கான். எங்க குரூப்புல வந்திச்சி. மொதல்ல இத்த கேளுங்க" என்றான்.

ஸ்பீக்கரில் பிரிட்டோவின் குரல் வந்தது.

"கேட்டேன், சொல்றேன். கரியாலூர் காத்துன்னு மலையில இருந்து ஒரு ஆல்பம். காத்து இல்லீங்க, தூசி. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கிட்டு அந்தாளு டீ குடிக்கப் போயிட்டான். அவன் வந்து நிறுத்துற வரைக்கும் அந்தம்மா பாடிக்கினே இருக்குது. கொரலு, தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாரி. இதெல்லாம் யாருக்குப் புடிக்கும்ன்றீங்களா? எங்க வூட்டுல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்குப் பாட்டும் ஒண்ணுதான், மிக்ஸி சத்தமும் ஒண்ணுதான். பின்னாடி ஓடுது பாருங்க, அதான் அவங்க கச்சேரி."

பின்னாலேயே மிக்ஸி ஓடும் சத்தமும் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்காகத் தேங்காய்ச் சட்னி அரைத்த மிக்ஸி.

பஸ்ஸே சிரித்தது. பிரிட்டோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனால் பவுலினின் பின்கழுத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்தக் கழுத்து அசையவில்லை. குரல் யாருடையது என்று முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். சொல்லப்பட்டது யாரை என்றும் தெரிந்திருக்கும். அவ்வளவு பேருக்கு நடுவில் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பாவம் அந்தாளு பொண்டாட்டி" என்றாள் தைலம்மாள். "இன்னா டீச்சரு, நீ சிரிக்கவே இல்ல?"

"அவரு நெறைய கேட்டவரு போல இருக்குது" என்றாள் பவுலின். "சொன்னா சரியாத்தான் இருக்கும். நமக்கு இன்னா தெரியும்? பாட்டப் போடு தம்பி."

அந்த இடத்திலேயே குதித்துவிடலாமா என்று பிரிட்டோவுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

பாட்டு வந்தது. கடுக்காய் பொறுக்கப் போனவள் மழைக்குப் பாறையடியில் ஒதுங்கிக்கொண்டு பாடுகிற பாட்டு. கீபோர்டு மோசம்தான், அதில் அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டாவது சரணத்தில் கீபோர்டு நின்றுவிட்டது. வெறும் கைத்தட்டலும் அந்தப் பெண்ணின் குரலும் மட்டும். பிரிட்டோ அதைக் கேட்டதே இல்லை. அந்தத் தட்டலோடு இன்னொரு குரல் மெல்லச் சேர்ந்துகொண்டது. முதலில் அதுவும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்றே நினைத்தான். பவுலின் பாடிக்கொண்டிருந்தாள். முன்சீட்டுக் கம்பியில் விரல்கள் தட்ட, கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுப் பாடினாள். நல்ல கனமான குரல். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை அவன் அறிந்ததில்லை. வெட்கத்தில் அவனுக்குக் கண் கலங்கியது.

இதற்கு நடுவில் தமிழழகன் டிக்கெட் கொடுத்தபடி பின்னால் வந்தான். பிரிட்டோ பேசாமல் ஒரு நோட்டை நீட்டினான்.

"எங்கண்ணே?"

பிரிட்டோ கையை முன்னால் காட்டினான்.

"முன்னாடி எல்லாந்தான் போவுது. பைபாஸா, பஸ் ஸ்டாண்டா? வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே."

வாயைத் திறந்தால் மானம் போய்விடும். ஊரெல்லாம் கேட்கட்டும் என்று அனுப்பிய குரலை இப்போது மறைக்க வேண்டியிருந்தது. மூக்கடைத்தவன் மாதிரி முனகினான். "பஸ் ஸ்டாண்டு."

தமிழழகனுக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை, டிக்கெட்டைக் கிழித்தான். ஆனால் ஐந்து சீட்டு முன்னால், அந்தப் பாட்டுச் சத்தத்திலும், பவுலினின் பாட்டு நின்றது. திரும்பிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று பயந்தான். கோபம் இல்லை, கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கம்பியிலிருந்து கையை எடுத்து மடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பச்சமுத்தண்ணே, போதும். நிறுத்திடுங்க."

"இன்னா டீச்சர், பாதியிலயே?"

"தலவலிக்குதுண்ணே."

டிரைவர் கை பட்டனுக்குப் போனது. பிரிட்டோவுக்கு எங்கிருந்து அந்த வீறாப்பு வந்ததோ, "நிறுத்தாதீங்க" என்றான். சொந்தக் குரலில், உரக்க.

தமிழழகன் சட்டென்று திரும்பினான். அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. "அண்ணே, இந்தக் கொரலு... கேட்டேன் சொல்றேன், நீங்கதான அது?"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. மூட்டைக்காரர்கூட நகர்ந்து இடம் விட்டார்.

"நேர்லயே சொல்லுங்கண்ணே. டீச்சருக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு. இதுக்காவவே மொத பஸ்ஸ வுட்டுட்டு நம்ம வண்டிக்குக் காத்துக்கினு இருக்காங்க. எப்பிடி இருக்குது பாட்டு?"

எந்தப் பாட்டுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்தவன் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தான்.

"நான் கேக்கலீங்க" என்றான்.

"இன்னாது?"

"மொதப் பாட்டுல பாதிதான் கேட்டேன். மீதியக் கேக்காமயே பேசிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். தைலம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப வூட்டுக்காரியப் பத்திச் சொன்னியே? அதுவும் தெரியாம சொன்னதுதானா?"

"ஆமாங்க" என்றான் பிரிட்டோ. "தெரியாமத்தான்."

பவுலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் என் வீட்டுக்காரர் என்று அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. சொன்னால் அவளை இத்தனை பேருக்கு முன்னால் சந்தியில் நிறுத்தியதாகிவிடும் என்று நினைத்தான். அது கரிசனமா, கோழைத்தனமா என்று அவனுக்கே நிச்சயமில்லை. பாட்டு தொடர்ந்து ஓடியது. அடுத்த பாட்டும், அதற்கு அடுத்ததும். எல்லாவற்றையும் அவன் முழுசாகக் கேட்டான். கைத்தட்டல் வந்த இடங்களில் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை பைக்குள்ளேயே இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவள் முன்வாசலில் இறங்கினாள், அவன் பின்வாசலில். பஸ் கிளம்பிப் போகும்வரை ரெண்டு பேரும் தள்ளித் தள்ளியே நின்றார்கள். அப்புறம் அவள்தான் பக்கத்தில் வந்தாள்.

"வண்டி எங்கங்க?"

"வடக்கனந்தல்ல நிக்குது. டீக்கடைகிட்ட."

எதற்காக அங்கே வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. காலடியில் கிடந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தபடி நின்றான்.

"பவுலினு, நீ அந்த பஸ்ஸுலயே வா. எம்மா நேரம் ஆனாலும் பரவால்ல."

"இல்லங்க" என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "நாளையில இருந்து மொத பஸ்ஸுலயே வந்துடறேன்."