ஆமைக்கு என் பெயர்

இன்று காலை பாடி மேம்பாலத்துக்குக் கீழே டிராஃபிக்கில் கம்பெனி பஸ் அசையாமல் நின்றது. பக்கத்து சீட்டில் தினேஷ் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஆறு மிருகங்கள், மாறி மாறி அடித்துக்கொள்ள வேண்டும்.

அவனுடைய ஆறு மிருகங்களுக்கும் எங்கள் செக்‌ஷன் ஆறு பேரின் பெயரை வைத்திருக்கிறான். டிராகன் அவன். ஆமை நான்.

எதிராளி பெரிய அடிக்குத் தயாரானான். தினேஷ் யோசிக்கவே இல்லை, என்னை முன்னால் தள்ளினான். ஆமை காலி.

"இன்னாடா, என்னையே காவு குடுத்துட்ட?"

"ஒருத்தன் செத்தாதான் மாமே அடுத்தவன் அடி வாங்காம உள்ள வர முடியும். நீதான் பாதி உயிர்ல இருந்த."

"பாதி உயிர் எப்படிப் போச்சு?"

"முன்னாடி ரெண்டு அடியும் நீதான வாங்குன."

போன வாரம் மெஷினை உடைத்தவன் தினேஷ். "ஊட்ல பொண்ணு பாத்துகினு கீறாங்க மாமே" என்று கெஞ்சினான். அவனுக்கு வர வேண்டிய மெமோவை நான் வாங்கிக்கொண்டேன்.

இன்று மதியம் நோட்டீஸ் போர்டில் காண்ட்ராக்ட் நீட்டிப்புப் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பெயர்கள். என்னுடையது இல்லை.

"மெமோ உன் பேர்லதான கீது" என்றார் சூப்பர்வைசர். தினேஷ் பக்கத்தில்தான் நின்றான்.

மாலை பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவன், பட்டாபிராம் நெருங்கும்போது போனை என்னிடம் நீட்டினான்.

"டிராகனுக்கு உன் பேர வச்சிட்டேன் மாமே. கோச்சிக்காத."

ஆமைக்கு இப்போது பெயர் இல்லை. உங்கள் பெயரை வைக்க வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள். பதில் போட இனி எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.